ஐரோப்பிய எல்லையில் கைரேகை: யாரிடம் எடுக்கிறார்கள், எங்கே சேர்கிறது, எவ்வளவு காலம் இருக்கும்?

தமக்குள் எல்லைச் சோதனை வைத்துக்கொள்ளாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கனுக்குள் நுழையும்போது பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரையின் காலம் முடிகிறது. அதன் இடத்துக்கு வந்திருப்பது நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை, சுருக்கமாக இ.இ.எஸ். ஐரோப்பிய ஒன்றியம் இதை 2017-இல் சட்டமாக்கியது. பலமுறை தள்ளிப்போட்ட பிறகு 2025 அக்டோபர் 12 அன்று படிப்படியாகத் தொடங்கினார்கள். 2026 ஏப்ரல் 10-க்குள் எல்லா வெளி எல்லைகளிலும் முழுமையாக வரவேண்டும் என்பது வகுத்த கால அட்டவணை. இடையில் விமான நிலையங்களில் வரிசை நீண்டது. லிஸ்பனில் 2025 டிசம்பர் இறுதியில் மூன்று மாதத்துக்கு இதை நிறுத்தியே வைத்தார்கள்.

இதைச் சுற்றிக் குழப்பம் நிறைய இருக்கிறது. விசாவுக்கே பத்து விரலும் வைத்தாயிற்றே, மறுபடி எதற்கு? குழந்தைக்கும் எடுப்பார்களா? இந்தப் பதிவு போலீசுக்குப் போகுமா? வைக்க மாட்டேன் என்று மறுக்கலாமா? கடைசிக் கேள்விக்கு விடை சுருக்கமானது: மறுக்கலாம், ஆனால் உள்ளே விடமாட்டார்கள். மற்றவற்றுக்கு அடிப்படையிலிருந்து வரவேண்டும்.

எல்லாரும் விரலைப் பற்றியே பேசுகிறார்கள். பயணியின் நடைமுறை வாழ்க்கையை அதிகம் மாற்றப்போவது விரலுக்குப் பின்னால் ஓடும் நாள்கணக்குதான் என்பது என் கருத்து. அதனால் அந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

மூன்று பதிவேடுகள்

செய்திகளில் மூன்று பெயர்கள் கலந்துகட்டி வருகின்றன. பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

1. வி.ஐ.எஸ்.: விசா தகவல் முறை. 2011-இல் தொடங்கியது, இந்தியாவில் விண்ணப்பிப்பவர்களுக்கு 2015 நவம்பரில் வந்தது. விசா விண்ணப்ப மையத்தில் பத்து விரல்களையும் வைத்து, புகைப்படம் எடுத்துக்கொள்கிறீர்களே, அது இங்கேதான் சேர்கிறது. ஒருமுறை வைத்த கைரேகையை 59 மாதங்கள்வரை அடுத்தடுத்த விண்ணப்பங்களுக்குப் பயன்படுத்தலாம்.

2. இ.இ.எஸ்.: குறுகிய காலத்துக்கு வருகிற வெளிநாட்டவர் எந்த நாளில், எந்த எல்லையில் நுழைந்தார், எப்போது வெளியேறினார் என்ற பதிவு. பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் ஆகியவற்றோடு முகமும் விரலும் இணைந்திருக்கும். அனுமதி மறுக்கப்பட்டிருந்தால் அதுவும் இருக்கும்.

3. யூரோடாக்: தஞ்சம் கோருகிறவர்கள், அனுமதியின்றி எல்லை கடந்து பிடிபட்டவர்கள் ஆகியோரின் கைரேகைப் பதிவேடு. 2003 ஜனவரியிலிருந்து இயங்குகிறது. மூன்றில் மூத்தது இதுதான். புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்களுக்குப் புதிதாக அறிமுகம் செய்யத் தேவையில்லை.

மூன்றையும் நடத்துவது யூ-லிசா என்ற ஒன்றிய முகமை. தலைமையகம் எஸ்டோனியாவின் டாலினில், கணினி மையம் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்கில்.

யாருடைய விரல், எத்தனை விரல்?

யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று பாரிஸில் ஒரு கலியாணத்துக்குக் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் ஒரே குடும்பம்தான், ஆனால் எல்லையில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நடைமுறை.

1. லண்டனிலிருந்து வரும் அக்காவிடம் பிரித்தானிய பாஸ்போர்ட். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு அவர் வெளிநாட்டவர். விசா வேண்டாம், ஆனால் வலக்கையின் நான்கு விரல்களும் முகப்படமும் இ.இ.எஸ்.-இல் ஏறும். யூரோஸ்டார் ரயிலில் வந்தால் லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலேயே, ரயில் ஏறுவதற்கு முன்பே, பிரெஞ்சு எல்லைச் சோதனை முடிந்துவிடும். டொரொன்டோவிலிருந்து கனடிய பாஸ்போர்ட்டோடு வருகிறவருக்கும், சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கும் பதிவு இதேதான்.

2. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் அம்மாவிடம் இலங்கை பாஸ்போர்ட்டும் ஷெங்கன் விசாவும். அவருடைய விரல்கள் ஏற்கெனவே வி.ஐ.எஸ்.-இல் இருப்பதால் இ.இ.எஸ்.-இல் மறுபடி சேமிக்கமாட்டார்கள். முகப்படம் மட்டும் புதிதாக ஏறும். எல்லையில் விரலை வைக்கச் சொல்வது, விசா எடுத்தவரும் வந்து நிற்பவரும் ஒருவர்தானா என்று ஒப்பிடுவதற்கு. சென்னையிலிருந்து வரும் மருமகளுக்கும் இதேதான்.

3. சூரிச்சில் வாழும் மாமா இன்னும் இலங்கை பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறார், ஆனால் சுவிஸ் வதிவிட அனுமதி உண்டு. அவர் இ.இ.எஸ்.-க்கு வெளியே. ஜெர்மனியில் படிக்க நீண்டகால விசாவிலோ வதிவிட அட்டையிலோ இருக்கிற மாணவரும் வெளியே. இவர்கள் பாஸ்போர்ட்டோடு அட்டையையும் சேர்த்து நீட்ட வேண்டும். இல்லையென்றால் சுற்றுலாப் பயணியாகக் கணக்கு தொடங்கிவிடும் அபாயம் இருக்கிறது.

4. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற மணமகளுக்கு எதுவும் இல்லை.

பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் இ.இ.எஸ்.-க்காக விரல் எடுப்பதில்லை, முகப்படம் மட்டும். இந்த விதிகள் 29 நாடுகளுக்கு. அயர்லாந்தும் சைப்ரஸும் தவிர்த்த 25 ஒன்றிய நாடுகள், அவற்றோடு நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து, லீக்டன்ஸ்டைன்.

இயந்திரம் எதைப் பார்க்கிறது?

விரலின் படத்தை அப்படியே வைத்துப் படத்தோடு படமாக ஒப்பிடுவதில்லை. ரேகைக் கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகக் கிளைக்கின்றன என்ற புள்ளிகளை மென்பொருள் குறித்துக்கொள்கிறது. அந்தப் புள்ளிகளின் இடமும் திசையும் சேர்ந்த எண்தொகுப்பைத்தான் இன்னொரு எண்தொகுப்போடு ஒப்பிடுகிறது. விடை ‘ஆம்’, ‘இல்லை’ என்று வருவதில்லை. ஒரு மதிப்பெண் வருகிறது. எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் போனால் ‘ஒரே ஆள்’ என்று கொள்வது என்பதை மனிதர்கள்தாம் வகுத்திருக்கிறார்கள். அந்த எல்லைக்கோட்டைத் தாழ்த்தினால் வேற்றாள் உள்ளே வருவார். உயர்த்தினால் உண்மையான ஆளையே இயந்திரம் மறுக்கும். இரண்டு பிழையையும் ஒருசேர ஒழிக்க வழியில்லை.

ஒப்பீடு இருவகை. ஒருவரை ஒருவரோடு ஒப்பிடுவது முதல் வகை: விசாவில் இருக்கும் விரலும் இப்போது வைத்த விரலும். ஒருவரைப் பதிவேட்டில் இருக்கும் எல்லாரோடும் ஒப்பிடுவது இரண்டாம் வகை: இந்த ஆள் வேறு பெயரில் முன்பு வந்தாரா? இரண்டும் ஒரே இயந்திரம்போலத் தோன்றினாலும் பிழையின் அளவு முற்றிலும் வேறு. ஒரு ஒப்பீட்டில் பத்து லட்சத்துக்கு ஒன்று தவறாகப் பொருந்தும் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகையில் அது மிகச் சிறிய பிழை. பத்துக் கோடிப் பேர் உள்ள பதிவேட்டில் ஒருவரைத் தேடும்போதோ, அதே பிழை நூறு தவறான பொருத்தங்களைத் தரும். ஒரு விரலுக்குப் பதில் நான்கு விரலும் முகமும் சேர்த்து எடுப்பதற்குக் காரணம் இதுதான். அடையாளங்கள் கூடக்கூடத் தற்செயல் பொருத்தம் அருகிவிடும்.

முகத்துக்கு வேறொரு சிக்கல். அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், பல மென்பொருள்கள் ஆப்பிரிக்க, ஆசிய முகங்களில் தவறான பொருத்தத்தை வெள்ளையர் முகங்களைவிடப் பத்து முதல் நூறு மடங்குவரை அதிகமாகத் தந்தன. மென்பொருளுக்கு மென்பொருள் இது பெரிதும் மாறியது, மிகச் சில ஏறக்குறைய வேறுபாடே காட்டவில்லை. எனவே எந்த மென்பொருளை வாங்கினார்கள், எதில் சோதித்தார்கள் என்பது பயணியின் தலையெழுத்தைத் தொடுகிற கேள்வி.

ரேகையே படியாத கைகளும் உண்டு. சிமெண்ட் வேலை, கல்லுடைப்பு, வலை இழுப்பு, ஓயாத பாத்திரம் கழுவல் எல்லாம் ரேகையைத் தேய்க்கும். முதுமையில் தோல் வறண்டு படியாமல் போகும். சில புற்றுநோய் மருந்துகளும் இதைச் செய்யும். கேப்சிடபின் எடுத்துக்கொண்ட சிங்கப்பூர் முதியவர் ஒருவரை, விரல் ரேகை தெரியவில்லை என்று அமெரிக்காவில் நான்கு மணிநேரம் நிறுத்திவைத்தார்கள். அவருடைய மருத்துவர் 2009-இல் அதை மருத்துவ இதழில் எழுதினார். பிறவியிலேயே ரேகையில்லாத அரிய குடும்பங்களும் இருக்கின்றன. சுவிட்சர்லாந்துப் பெண் ஒருவர் இதனால் அமெரிக்க எல்லையில் திணறியதைத் தொடர்ந்து, அந்த நிலைக்கு மருத்துவர்கள் ‘குடிவரவுத் தாமத நோய்’ என்றே பெயரிட்டார்கள். 2011-இல் அதற்குக் காரணமான மரபணுவையும் கண்டுபிடித்தார்கள். இ.இ.எஸ். சட்டப்படி, உடல் காரணத்தால் விரல் வைக்க முடியாதவருக்கு விலக்கு உண்டு. தற்காலிகக் காயமென்றால் அடுத்தமுறை எடுப்பார்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரின் கடிதம் ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது.

விரல் பதிவுக்கு நம் பக்கத்திலிருந்து ஒரு பழங்கதை

விரலைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் ஆட்சிமுறை ஐரோப்பாவில் பிறந்ததல்ல. 1858-இல் வங்காளத்தில் ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஹெர்ஷல் ஓர் ஒப்பந்தத்தில் கைப்பதிவு வாங்கினார். 1897-இல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் வந்தது. வங்காளக் காவல்துறைத் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றியின் பெயரால் உலகெங்கும் பரவிய கைரேகை வகைப்பாட்டின் கணிதத்தை உருவாக்கியதில் அசிசுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்ற இரு இந்தியக் காவல் அதிகாரிகளுக்குப் பெரும் பங்குண்டு.

அடுத்த பத்தாண்டுக்குள் அதே முறை தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள்மேல் திரும்பியது. 1906-இல் டிரான்ஸ்வால் அரசு, எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வோர் இந்தியரும் விரல் ரேகை வைத்துப் பதிவுசெய்து சான்றிதழைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. சத்தியாகிரகம் பிறந்தது அந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான். தம்பி நாயுடு முன்னணியில் நிற்க, தமிழர்கள் பெருந்தொகையாகச் சிறை சென்றார்கள். ஆனால் 1908 தொடக்கத்தில், தாமாக முன்வந்து பதிவுசெய்தால் சட்டம் விலக்கப்படும் என்ற உடன்பாட்டை நம்பி, காந்தி தம் பத்து விரல்களையும் வைத்தார். சட்டம் விலகவில்லை என்றானபின் ஆகஸ்ட்டில் ஜோகன்னஸ்பர்க்கில் சான்றிதழ்களைக் கொளுத்தினார்கள். அவர்கள் எதிர்த்தது மையையும் விரலையும் அல்ல. ஓர் இனத்தாரை மட்டும் பிரித்து, கட்டாயத்தின்பேரில் குற்றவாளிபோலப் பதிவதைத்தான். இன்றைய எல்லைப் பதிவை எடைபோடவும் இந்த அளவுகோல் எனக்குச் சரியாகவே படுகிறது: யாரிடம் எடுக்கிறார்கள், எதற்கு எடுத்ததை எதற்குப் பயன்படுத்துகிறார்கள்?

நாள்கணக்கு: உண்மையான மாற்றம் இங்கேதான்

குறுகியகாலப் பயணிக்கு ஷெங்கனில் உள்ள உரிமை, எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள் மட்டும். விதி பழையது. முன்பெல்லாம் அதிகாரி முத்திரைகளைப் புரட்டி, மங்கிய தேதிகளைப் பார்த்து மனக்கணக்குப் போடுவார். பலர் தப்பினார்கள், சிலர் அநியாயமாக மாட்டினார்கள். இப்போது கணினி தானாகக் கூட்டுகிறது. கூடுதலாகத் தங்கியவர்களின் பட்டியலையும் தானாகவே தயாரிக்கிறது.

கணக்கில் பரவலாக நிலவும் மூன்று தவறான நம்பிக்கைகள்:

1. ‘ஒருநாள் வெளியே போய்விட்டுத் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்கும்.’ தொடங்காது. ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளைக் கணினி பார்க்கிறது. மார்ச் 1 நுழைந்து மே 29 வெளியேறினால் சரியாக 90 நாள். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் வெளியில் இருந்தாலும் ஆகஸ்ட் 1 நுழைய முடியாது, பின்னோக்கிய 180 நாளுக்குள் அந்த 90-ம் அப்படியே கிடக்கிறது. ஆகஸ்ட் 28-இல்தான் மார்ச் 1 கணக்கிலிருந்து கழிந்து முதல் நாள் விடுபடுகிறது.

2. ‘இறங்கிய நாளும் ஏறிய நாளும் சேராது.’ சேரும். இரவு 11.30-க்குத் தரையிறங்கினாலும் அது ஒரு முழுநாள்.

3. ‘பிரான்சில் 90, ஜெர்மனியில் 90.’ இல்லை. 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. விசாவில் நாட்களின் எண்ணிக்கை 90-க்குக் குறைவாக எழுதியிருந்தால் அந்தக் குறைந்த எண்தான் செல்லும்.

பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் பெற்றோர்தான் இதில் அதிகம் மாட்டக்கூடியவர்கள். பிரசவத்துக்கு வந்து இரண்டரை மாதம் இருந்துவிட்டு ஊருக்குப் போவார்கள், அங்கே வேலை முடிந்ததும் உடனே திரும்பிவர நினைப்பார்கள். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் நாளை எண்ணியே ஆகவேண்டும்.

இன்னொரு பக்கம், வெளியேறிய பதிவு விடுபட்டால் என்ன ஆகும்? நெரிசலில் ஏதோ காரணத்தால் பதிவு ஏறாமல் போனால், நீங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகும் கணினியில் இன்னும் ஐரோப்பாவுக்குள்ளேயே இருப்பீர்கள். காலம் கடந்ததும் பெயர் பட்டியலுக்குப் போகும், அடுத்த விசா விண்ணப்பத்தில் அது எதிரே வந்து நிற்கும். முத்திரை இருந்தவரை பயணி தன் ஆதாரத்தைத் தானே கையில் வைத்திருந்தார். இப்போது ஆதாரம் முழுவதும் அரசின் கணினியில். இந்த முறையின் மிகப்பெரிய இழப்பாக நான் கருதுவது இதைத்தான். பயணச்சீட்டு முதலிய நம்பத்தகுந்த சான்றைக் காட்டி, உரிய நாளில் வெளியேறினேன் என்று நிறுவச் சட்டம் இடம் தருகிறது. நிறுவும் சுமை மட்டும் பயணியின் தலையில்.

எவ்வளவு காலம், யார் கண்ணில்?

ஒழுங்காக வெளியேறியவரின் கோப்பு, கடைசி வெளியேற்றத்திலிருந்து 3 ஆண்டு இருக்கும். இடையில் மறுபடி வந்தால் கணக்கு மறுபடி தொடங்கும், ஆகவே ஆண்டுக்கொருமுறை வருகிறவருக்கு அது நடைமுறையில் அழிவதே இல்லை. வெளியேற்றம் பதிவாகாவிட்டால், தங்க அனுமதித்த கடைசி நாளிலிருந்து 5 ஆண்டு.

எல்லை, விசா, குடிவரவு அதிகாரிகள் நேரடியாகப் பார்க்கலாம். விமான நிறுவனத்துக்குக் கிடைப்பது, விசாவில் இன்னும் நுழைவு மீதமிருக்கிறதா என்பதற்குச் ‘சரி’ அல்லது ‘சரியில்லை’ என்ற பதில் மட்டும். பயங்கரவாதம், கடுங்குற்றம் ஆகியவற்றை விசாரிக்கும்போது, நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் காவல்துறையும் ஒன்றியத்தின் காவல் முகமையான யூரோபோலும் பார்க்கலாம். ஆக, போலீசுக்குப் போகுமா என்ற கேள்விக்கு விடை: போகலாம், எல்லா வழக்குக்கும் அல்ல. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008 டிசம்பரில் ஒரு பிரித்தானிய வழக்கில், குற்றம் நிரூபணமாகாதவர்களின் கைரேகையைக் காலவரையின்றி வைத்திருப்பது தனிவாழ்வு உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. எல்லைப் பதிவுகளுக்குக் காலவரம்பு எவ்வளவு முக்கியம் என்பதை அந்தத் தீர்ப்பிலிருந்தே உணரலாம்.

யூரோடாக்கின் விதிகள் இன்னும் இறுக்கமானவை. தஞ்சக் கோரிக்கையாளரின் விரல் 10 ஆண்டு இருக்கும். முதலில் எந்த நாட்டில் விரல் பதிந்ததோ, பெரும்பாலும் அந்த நாட்டுக்கே திருப்பியனுப்ப டப்ளின் விதி வழிசெய்தது. அதற்கு அஞ்சி விரல்நுனியைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. இதுவரை 14 வயதிலிருந்து எடுத்தார்கள். 2026 ஜூன் நடுவிலிருந்து பொருந்தும் புதிய சட்டம் அதை 6 வயதாகக் குறைக்கிறது, முகப்படத்தையும் சேர்க்கிறது. காணாமல்போகும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க உதவும் என்பது சொல்லப்படும் காரணம். ஆறு வயதுப் பிள்ளையிடம் பலவந்தமில்லாமல் எப்படி எடுப்பார்கள் என்பதைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

தமிழ்ப் பெயருக்குக் காத்திருக்கும் சிக்கல்

2019-இல் வந்த இரு சட்டங்கள் இந்தப் பதிவேடுகளை ஒன்றோடொன்று இணைக்கின்றன. ஒரே விரல் இரு பதிவேடுகளில் வெவ்வேறு பெயரோடு இருந்தால் கணினி அவற்றுக்கிடையே ஓர் இணைப்பைப் போடும். அதிகாரி இன்னும் பார்க்காத இணைப்பு மஞ்சள். ஒரே ஆள், நியாயமான காரணம் என்றால் வெள்ளை. வேறு வேறு ஆட்கள் என்றால் பச்சை. அடையாள மோசடி என்று முடிவானால் சிவப்பு.

நம் பெயர்களை இதில் பொருத்திப் பாருங்கள். தமிழர்களில் மிகப் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. ஒரு பாஸ்போர்ட்டில் இனிஷியல் மட்டும், அடுத்ததில் அது தகப்பன் பெயராக விரிந்திருக்கும். ஒன்றில் தகப்பன் பெயர் குடும்பப்பெயர் இடத்தில், மற்றதில் அந்த இடம் வெறுமை. கலியாணத்துக்குப் பின் கணவன் பெயர். ஆங்கில எழுத்துக்கூட்டலோ ஒவ்வோர் அலுவலகத்துக்கும் ஒவ்வொன்று. இதில் மோசடி எதுவுமில்லை, எங்கள் பெயரிடும் முறை அப்படி. கணினிக்கு அது தெரியாது. மஞ்சள் இணைப்பை வெள்ளையாக்குவது, தமிழ்ப் பெயரைப் புரிந்துகொள்ளும் பொறுமை அந்த அதிகாரிக்கு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

பயணிகள் செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு பயணத்தின் போர்டிங் பாஸ், ரயில் சீட்டு ஆகியவற்றைப் படம் எடுத்து, குறைந்தது ஐந்து ஆண்டு வைத்திருங்கள். வெளியேறிய நாளுக்கு உங்கள் கையில் இருக்கும் சான்று அதுதான்.

2. பெயர் மாறிய பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். திருமணச் சான்றிதழ், பெயர் மாற்ற அரசிதழ் ஆகியவற்றின் நகலோடு சேர்த்து வையுங்கள்.

3. பயணச்சீட்டு எடுக்கும்முன் 180 நாள் கணக்கைப் போடுங்கள். ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் அதற்கான கணிப்பான் இலவசமாக இருக்கிறது.

4. இ.இ.எஸ். பதிவுக்குக் கட்டணம் இல்லை. ‘முன்பதிவு செய்து தருகிறோம்’ என்று பணம் கேட்கும் இணையதளங்களை நம்பவேண்டாம். விசா தேவைப்படாதவர்களுக்காக 2026-இன் இறுதிக் காலாண்டில் தொடங்கவிருக்கும் எட்டியாஸ் பயண அனுமதி வேறு, அதற்கு 20 யூரோ கட்டணம். விசாவில் போகும் இந்திய, இலங்கைப் பயணிகளுக்கு எட்டியாஸ் பொருந்தாது.

5. உங்களைப் பற்றி என்ன பதிந்திருக்கிறது என்று கேட்கவும், தவறைத் திருத்தக் கோரவும் உங்களுக்கு உரிமை உண்டு. 29 நாடுகளில் எதனிடமும் கேட்கலாம், 45 நாளுக்குள் பதில் தரவேண்டும். மறுத்தால் அந்த நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் முறையிடலாம். அடுத்த விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். விசா மறுப்புக் கடிதம் வந்தபின் திருத்துவது பலமடங்கு கடினம்.